பாலமும் பாதையும்: மாதிரி ரயிலில் இடைவெளிக் கணக்கு



அறுவடை முடிந்த நாட்களில் கடையநல்லூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் வைக்கோல் ஏற்றிய வண்டி செல்வதைப் பார்த்திருப்பீர்கள். வண்டியின் அகலம் சிறிது; அதன்மேல் ஏற்றிய பாரமோ இருபுறமும் பிதுங்கி நிற்கும். குறுகிய தெருவில் நுழையுமுன் வண்டிக்காரர் வண்டியை நிறுத்துவார். இறங்கி முன்னே நடந்துபோய், திண்ணையோரத்துத் தூணையும், புளியமரத்தின் தாழ்ந்த கிளையையும் ஒருமுறை பார்த்து வருவார். சக்கரம் உருளும் வழியை அவர் பார்க்கவில்லை. சுமை செல்லும் வழியைப் பார்க்கிறார். வழி தெருவில் இருந்தால் போதாது, வானிலும் இருக்கவேண்டும் என்பதை அவர் அனுபவத்தால் அறிந்தவர்.

அந்த வண்டிக்காரரின் அறிவைத்தான் ரயில்வே எஞ்சினியர்கள் கணக்காக எழுதி வைத்திருக்கிறார்கள். மேசைமேல் மாதிரி ரயில் அமைக்க விரும்பும் மாணவருக்கும் முதலில் வேண்டுவது அதே கணக்குத்தான். பாலத்தின் அடியிலும், குகையின் உள்ளும், இரண்டு பாதைகளுக்கு நடுவிலும் எவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்பதே இன்று நாம் ஆராயப்போகும் பொருள்.

முதலில் நம் ஊர்ப் பாதையையே எடுத்துக்கொள்வோம். விருதுநகரிலிருந்து இராசபாளையம், சங்கரன்கோவில், பாம்புகோவில் சந்தை, கடையநல்லூர் வழியாகத் தென்காசிக்குச் செல்லும் இருப்புப்பாதை 1927-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அப்பொழுது அது மீட்டர்ப் பாதை. அதாவது, இரண்டு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு இடையே இருந்த தூரம் 1,000 மில்லிமீட்டர். 2004-ஆம் ஆண்டில் அது அகலப்பாதையாயிற்று. அந்தத் தூரம் 1,676 மில்லிமீட்டராக உயர்ந்தது. தென்காசிக்கு அப்பால் செங்கோட்டையிலிருந்து மலையைக் கடந்து புனலூருக்குச் செல்லும் பாதை இன்னும் பழமையானது. 1904-இல் திறக்கப்பட்ட அப்பாதையில் குகைகளும், ஆழ்ந்த பள்ளத்தாக்குகளின்மேல் கட்டிய கற்பாலங்களும் உள்ளன. அவற்றுள் கழுதுருட்டிக்கு அருகிலுள்ள பதின்மூன்று கண் பாலம் பலரும் அறிந்தது. 2010-இல் அம்மலைப்பாதையில் மீட்டர்ப் பாதை வண்டிகள் நின்றன. அகலப்பாதை முழுவதும் அமைந்து ரயில் மீண்டும் மலையைக் கடந்தது 2018-இல்தான்.

இவ்வளவு காலம் ஏன் ஆயிற்று? தண்டவாளங்களை 676 மில்லிமீட்டர் தள்ளிவைப்பது மட்டுமே வேலையாக இருந்திருந்தால் அது விரைவில் முடிந்திருக்கும். ஆனால் அகலப்பாதையில் வரும் பெட்டி, தண்டவாளத்தைவிட மிக அகலமானது, உயரமானது, கனமானது. மீட்டர்ப் பாதைப் பெட்டிக்கென்று குடைந்த குகையில் அது நுழையாது. ஆகவே குகைகளையும் வெட்டுப்பள்ளங்களையும் அகலப்படுத்தவும், பாலங்களை வலுப்படுத்தவும் வேண்டியிருந்தது. மாறியது தண்டவாளம் அன்று. பெட்டியைச் சூழ்ந்திருக்கும் வெற்றிடம் முழுவதுமே மாறியது.

அந்த வெற்றிடத்துக்கு இரண்டு எல்லைக்கோடுகள் உண்டு. ஒன்று வண்டியின் எல்லை: எந்த எஞ்சினும், எந்தப் பெட்டியும், எந்தச் சுமையும் இதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருத்தல் ஆகாது என்று வரையறுப்பது. மற்றொன்று கட்டடத்தின் எல்லை: எந்தச் சுவரும், தூணும், பாலமும் இதற்கு உள்ளே வருதல் ஆகாது என்று வரையறுப்பது. நம் அகலப்பாதையில் வண்டியின் உச்ச அகலம் 3,250 மில்லிமீட்டர். எனவே பாதையின் நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கத்துக்கு 1,625 மில்லிமீட்டர். புதிதாகக் கட்டப்படும் சுவரோ தூணோ, பெட்டியின் உடல் உயரத்தில், அந்த நடுக்கோட்டிலிருந்து 2,360 மில்லிமீட்டருக்குக் குறையாமல் விலகியிருக்கவேண்டும். இரண்டுக்கும் உள்ள வேற்றுமை 735 மில்லிமீட்டர். ஏறத்தாழ ஒன்றரை முழம். பழைய கட்டுமானங்களில் இதனினும் குறைவு உண்டு. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சின் முடிவில் இதனிடம் திரும்பி வருவோம்.

ஒன்றரை முழம் எதற்கு என்று கேட்கலாம். ஓடும் பெட்டி சிலைபோல் நிற்பதில்லை. வில்சுருள்களின்மேல் அது அசைந்தாடும். சக்கரம் தேயும், தண்டவாளம் நாளடைவில் சிறிது நகரும். வளைவில் வெளிப்புறத் தண்டவாளம் உயர்த்தப்பட்டிருப்பதால் பெட்டி உட்புறமாகச் சாயும். இவை அனைத்தும் ஒரே கணத்தில் ஒரே திசையில் கூடினாலும் பெட்டி சுவரைத் தொடலாகாது. அதற்காகவே அந்த ஒதுக்கிடம்.

இனி மேசைக்கு வருவோம். மாதிரி ரயில்களுள் உலகெங்கும் பெரிதும் வழங்குவது எச்.ஓ. என்னும் அளவு. உண்மையான ஓர் அடியை மூன்றரை மில்லிமீட்டராகக் குறுக்குவது அது. அதாவது 87-இல் ஒரு பங்கு. கடைகளில் கிடைக்கும் அதன் பாதை 16.5 மில்லிமீட்டர் அகலமுள்ளது. மேனாடுகளில் வழங்கும் 1,435 மில்லிமீட்டர்ப் பாதையை 87-ஆல் வகுத்தால் கிடைப்பது இந்த எண்தான். ஆனால் நம் நாட்டு அகலப்பாதையை 87-ஆல் வகுத்தால் 19.3 மில்லிமீட்டர் வருகிறது. ஆதலால் நம் பெட்டிகளின் மாதிரியைக் கடைப்பாதையில் ஓட்டுவோர், பாதை சிறிது குறுகியிருப்பதைப் பொறுத்துக்கொள்கிறார்கள். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. பாதையின் அகலத்தைப் பார்த்து இடைவெளியை முடிவு செய்யாதீர்கள். பெட்டியின் அகலத்தைப் பாருங்கள். வைக்கோல் வண்டிக்காரரின் பாடம் இதுவே.

இங்கிலாந்தில் இதற்கு ஒரு சுவையான சான்று உண்டு. அந்நாட்டுப் பழைய பாலங்களும் குகைகளும் சிறியவை. அதனால் அவர்களுடைய எஞ்சின்களும் ஐரோப்பிய எஞ்சின்களைவிடச் சிறியவை. அவற்றை 87-இல் ஒரு பங்காகக் குறுக்கியபோது, அக்காலத்து மின்மோட்டார் அதற்குள் அடங்கவில்லை. ஆகவே எஞ்சினை மட்டும் 76-இல் ஒரு பங்காகப் பெரிதாக்கி, பாதையைப் பழைய 16.5 மில்லிமீட்டரிலேயே விட்டுவிட்டார்கள். ஓ.ஓ. என்னும் அளவு அவ்வாறு பிறந்தது. நூறாண்டுகளுக்கு முன் கட்டிய குகையின் குறுகிய வாய், பிற்காலத்தில் பிள்ளைகளின் விளையாட்டு ரயிலின் அளவையும் தீர்மானித்தது என்றால் வியப்பன்றோ!

இப்பொழுது கணக்கைத் தொடங்குவோம். சென்னைப் பெரம்பூரிலுள்ள பெட்டித் தொழிற்சாலை 1955-இலிருந்து ஏறத்தாழ அறுபதாண்டுகளுக்கு மேல் கட்டிவந்த பழைய வகைப் பயணிகள் பெட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் உடல் நீளம் ஏறத்தாழ 21.34 மீட்டர், அகலம் ஏறத்தாழ 3.25 மீட்டர். பெட்டியின் அடியில் இரு முனைகளுக்கும் சற்று உள்ளே, தனித்தனியே திரும்பக்கூடிய இரண்டு சக்கரத் தொகுதிகள் உள்ளன. அவற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 14.78 மீட்டர். 87-ஆல் வகுத்தால், நம் மாதிரிப் பெட்டி 245 மில்லிமீட்டர் நீளமும், 37 மில்லிமீட்டர் அகலமும் உடையது. சக்கரத் தொகுதிகளின் இடைத்தூரம் 170 மில்லிமீட்டர்.

பக்கத்தில் பக்கமாக இரண்டு நேர்ப்பாதைகளை அமைக்கும்போது, ஒன்றின் நடுவிலிருந்து மற்றொன்றின் நடுவுக்கு எவ்வளவு தூரம் வேண்டும்? நம் ரயில்வேயில் பழைய பாதைகளுக்கு 4,265 மில்லிமீட்டர் அளவு உண்டு. புதிய பாதைகளுக்கு 5,300 மில்லிமீட்டர். மாதிரியில் இவை முறையே 49, 61 மில்லிமீட்டர். மேசையில் இடம் குறைவு என்பதால் மாணவர் 49-ஐத் தேர்ந்தெடுப்பார். பெட்டி அகலம் 37 போக 12 மில்லிமீட்டர் மீதி. நேர்ப்பாதையில் இது தாராளம். வண்டிகள் அழகாக ஒன்றையொன்று கடக்கும். ஆனால் அதே இடைவெளியோடு பாதையை வளைத்தால் இரண்டு ரயில்களும் உரசி நிற்கும். ஏன்?

வில்லையும் நாணையும் எண்ணிப்பாருங்கள். வளைந்த பாதை வில். நேரான பெட்டி நாண். வில்லை நாண் தொடுவது இரண்டே இடங்களில். அவை சக்கரத் தொகுதிகள் இருக்கும் இடங்கள். நாணின் நடுப்பகுதி வில்லைவிட்டு உட்புறமாக விலகி நிற்கிறதன்றோ? அதுபோலவே பெட்டியின் வயிறு வளைவின் உட்புறமாகப் பிதுங்கும். சக்கரங்களுக்கு அப்பால் நீண்டிருக்கும் இரு முனைகளோ வெளிப்புறமாகப் பிதுங்கும்.

இதை அளக்கும் விதி எளியது. சக்கரத் தொகுதிகளின் இடைத்தூரத்தை அதனாலேயே பெருக்குங்கள். வளைவின் ஆரத்தை எட்டால் பெருக்குங்கள். முன்னதைப் பின்னதால் வகுத்தால் உட்புறப் பிதுக்கம் கிடைக்கும். அவ்வாறே பெட்டியின் முழு நீளத்தைக்கொண்டு கணக்கிட்டு, வந்த எண்ணிலிருந்து உட்புறப் பிதுக்கத்தைக் கழித்தால் முனைகளின் வெளிப்புறப் பிதுக்கம் கிடைக்கும்.

உண்மை ரயிலில் அகலப்பாதையின் மிகக் கூர்மையான வளைவுக்கு ஆரம் 175 மீட்டர். அதில் பெட்டியின் நடு உட்புறமாக 156 மில்லிமீட்டரும், முனை வெளிப்புறமாக 169 மில்லிமீட்டரும் பிதுங்கும். ஒன்றரை முழ ஒதுக்கிடத்தில் இது ஒரு சிறு பகுதிதான். அதற்கும் தனியே கூடுதல் இடம் விடுகிறார்கள். மேசையிலோ நாம் 450 மில்லிமீட்டர் ஆரத்தில் பாதையை வளைக்கிறோம். அதை 87-ஆல் பெருக்கினால் 39 மீட்டர்! உண்மை ரயில் என்றும் காணாத வளைவு அது. கணக்கிடுங்கள்: 170-ஐ 170-ஆல் பெருக்கினால் 28,900. 450-ஐ எட்டால் பெருக்கினால் 3,600. வகுத்தால் 8 மில்லிமீட்டர் உட்புறப் பிதுக்கம். முனைகளின் வெளிப்புறப் பிதுக்கம் 8.6 மில்லிமீட்டர்.

உள்வளைவில் ஒரு ரயிலும் வெளிவளைவில் ஒரு ரயிலும் கடக்கும்போது, உள்வண்டியின் முனை வெளியே நீளும். வெளிவண்டியின் வயிறு உள்ளே வரும். வெளிவளைவின் ஆரம் 499 ஆதலால் அதன் பிதுக்கம் 7.2. இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 16 மில்லிமீட்டர். நம்மிடம் இருந்த மீதியோ 12. நான்கு மில்லிமீட்டர் போதவில்லை; மோதல் உறுதி. பாதைகளை 61 மில்லிமீட்டர் தள்ளிவைத்தால் மீதி 24. அதில் 16 போக 8 மில்லிமீட்டர் நிம்மதியாக இருக்கும். ஆகவே நேரில் நெருக்கியும் வளைவில் அகற்றியும் பாதை அமைப்பதே முறை.

குகைக்கும் இதே நியாயம். நேர்ப்பாதையில் நடுக்கோட்டிலிருந்து பக்கத்துக்கு 27 மில்லிமீட்டர், ஆக 54 மில்லிமீட்டர் அகலமுள்ள வாயில் போதும். 450 ஆர வளைவில் அது 64 ஆகவேண்டும். நான் மாணவனாக இருந்தபோது இதை அறியாமல், அட்டையில் ஒரு குகை செய்து, அதன்மேல் காகிதக் கூழால் மலை எழுப்பி, பச்சை வண்ணமும் பூசினேன். எஞ்சின் சீராக நுழைந்து வெளியே வந்தது; நீண்ட பெட்டி நடுவில் சிக்கிக்கொண்டது. குட்டையான எஞ்சினைக்கொண்டு மட்டும் சோதித்தது என் பிழை. மலையைப் பிளந்துதான் பெட்டியை எடுத்தேன். இன்னொரு நுட்பமும் அன்று தெரிந்தது. பிதுக்கம் வளைவு தொடங்கும் இடத்தில் தொடங்குவதில்லை. முன்சக்கரம் வளைவில் ஏறியவுடன், பின்னால் நேர்ப்பாதையில் இருக்கும் உடலும் திரும்பத் தொடங்கிவிடும். ஆதலால் வளைவுக்கு ஒரு பெட்டி நீளம் முன்பிருந்தே கூடுதல் இடம் விடவேண்டும்.

இனிப் பாலம். ஒரு பாதை மற்றொன்றின்மேல் செல்லவேண்டுமானால் எவ்வளவு உயரவேண்டும்? கீழ்ப்பாதையின் தண்டவாள மேற்பரப்பிலிருந்து தொடங்குங்கள். வண்டியின் உச்ச உயரம் 4,265 மில்லிமீட்டர், மாதிரியில் 49. அதற்குமேல் 7 மில்லிமீட்டர் ஒதுக்கிடம், ஆக 56. பாலத்தின் தளம் 10. அதன்மேல் கட்டையும் தண்டவாளமும் 4. எல்லாம் கூட்டினால் 70 மில்லிமீட்டர். மின்கம்பி உள்ள பாதையானால் இது போதாது. நம் பாதைகளில் மின்கம்பி பொதுவாக ஐந்தரை மீட்டர் உயரத்தில் செல்கிறது. மாதிரியில் அதற்கே 63 மில்லிமீட்டர் வேண்டும்.

எழுபது மில்லிமீட்டர் சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் 40-க்கு 1 என்ற வாட்டத்தில் ஏறினால், அதற்கு 2.8 மீட்டர் நீளம் வேண்டும். ஏற்றம் தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் சிறிது சிறிதாக வளைக்கவேண்டுமாதலால் இன்னும் சிறிது கூடும். மும்பைக்கருகே போர்க் கணவாயில் 37-க்கு 1 என்ற ஏற்றத்தில் ரயிலைப் பின்னிருந்து தள்ளத் தனி எஞ்சின்கள் வேண்டியிருக்கின்றன என்றால், இந்த வாட்டத்தின் கடுமை விளங்கும். எட்டடி மேசையில் 2.8 மீட்டர் நேராகக் கிடைக்காது. இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. மேல்பாதையை 35 மில்லிமீட்டர் ஏற்றுங்கள். கீழ்ப்பாதையை 35 மில்லிமீட்டர் இறக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் 1.4 மீட்டர் போதும்.

பாலத்தின் தூண்களை எங்கே நிறுத்துவது? கீழ்ப்பாதையை நேர்க்குறுக்காகக் கடந்தால், தூண்களுக்கு இடையே 64 மில்லிமீட்டர் விட்டால் வளைவிலும் பயமில்லை. சாய்வாகக் கடந்தால் கணக்கு மாறும். 30 பாகைச் சாய்வில் அந்தத் திறப்பு, பாலத்தின் நீளவாக்கில் இரு மடங்காகி, 128 மில்லிமீட்டர் ஆகும். கோணவியல் படிப்பவர்கள் இதன் காரணத்தைத் தாமே கண்டுகொள்வார்கள்.

இவ்வளவையும் எண்ணால் கண்டபின், ஓர் அட்டைத் துண்டை எடுங்கள். 54 மில்லிமீட்டர் அகலமும் 56 மில்லிமீட்டர் உயரமும் வெட்டுங்கள். பாதையின் நடுவில் நிறுத்தி நேர்ப்பாதை முழுவதும் நகர்த்திப் பாருங்கள்; வளைவுகளுக்கு 64 மில்லிமீட்டர் அகலத்தில் இன்னோர் அட்டை. அமெரிக்காவில் 1935-இல் தோன்றிய மாதிரி ரயில் சங்கம் இவ்வகைச் சோதனைத் தகட்டை உலோகத்திலேயே செய்து தருகிறது. அதன்பின் உங்களிடமுள்ள பெட்டிகளுள் மிக நீண்டதை ஓட்டிப் பாருங்கள். பசையும் கூழும் அதற்குப் பிறகுதான்.

பெரியவர்களும் இதில் தவறுவதுண்டு. 2014-இல் பிரான்சு நாட்டில் புதிய ரயில்கள் ஏறத்தாழ 1,300 நடைமேடைகளுக்குச் சற்று அகலமானவை என்று தெரியவந்தது. அளவு எடுத்தபோது புதிய நடைமேடைகளையே கருத்தில் கொண்டிருந்தனர். பழையவை இன்னும் நெருக்கமாகக் கட்டப்பட்டிருந்தன. அவற்றைச் செதுக்க ஐந்து கோடி யூரோ செலவாயிற்று. என் காகித மலையின் கதைதான் அது, தொகைதான் பெரிது.

ஆனால் எல்லாத் தவறுகளும் பணத்தோடு தீர்வதில்லை. 2022 ஏப்ரல் 27 அன்று அதிகாலையில், தஞ்சாவூருக்கு அருகே களிமேடு என்னும் ஊரில், திருவிழாத் தேர் ஒன்று உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் உயிரிழந்தனர். தேரை அலங்கரிப்பவர்கள் கண்ணை மேலே செலுத்தவேண்டும். தெருவின் மட்டம் உயர்ந்தாலும், கம்பி தொய்ந்தாலும், சென்ற ஆண்டின் இடைவெளி இந்த ஆண்டு இராது. மாதிரிப் பாதையிலும் அவ்வாறே. பாலத்தை நிறுத்தியபின் பாதைக்கடியில் தக்கைப் பலகை வைத்தால், வைத்த கனம் அவ்வளவும் இடைவெளியில் குறைந்துவிடும்.

2018 ஜூலை 24 அன்று சென்னைப் பரங்கிமலை நிலையத்தில் நேர்ந்ததும் இடைவெளியின் கதைதான். அன்று ஒரு புறநகர் ரயில் வழக்கமான பாதையை விட்டு, விரைவு வண்டிகளின் பாதையில் விடப்பட்டது. கூட்டத்தால் படியில் தொங்கிச் சென்றவர்கள், அப்பாதையோரத்துச் சுவரில் மோதினர், இளைஞர்கள் உயிரிழந்தனர். ரயில் சுவரைத் தொடவில்லை. ரயிலுக்கு வேண்டிய இடம் அங்கே இருந்தது. படியில் தொங்கும் மனிதனுக்கு வேண்டிய இடம் எந்த வரைபடத்திலும் இல்லை.

முன்பு நினைவில் வைக்கச் சொன்ன ஒன்றரை முழத்துக்கு இப்பொழுது திரும்புவோம். அது வீணாகக் கிடக்கும் இடம் அன்று. பெட்டியின் ஆட்டத்துக்கும், சாய்வுக்கும், பிதுக்கத்துக்கும் முன்கூட்டியே கொடுத்துவிட்ட இடம். முதுகில் புத்தகப் பையோடு வாயிலில் சாயும் மாணவன், ஏற்கெனவே பங்கிட்டு முடிந்த சொத்தில் தனக்கும் ஒரு பங்கு இருப்பதாக எண்ணுகிறான். கல்லூரிக்கு ரயிலில் செல்லும் நண்பர்கள் இதை மறவாதிருக்க வேண்டுகிறேன்.

மேசைமேல் ஒரு பாலம் கட்டிப் பாருங்கள். அட்டையை நகர்த்தி, பெட்டியை ஓட்டி, எங்கே உரசுகிறது என்று குனிந்து நோக்குங்கள். பிறகு ஒருநாள் கடையநல்லூர் நிலையத்தில் பொதிகை விரைவு வண்டிக்காகக் காத்து நிற்கும்போது, நடைமேடையின் விளிம்பையும், வந்து நிற்கும் பெட்டியின் பக்கத்தையும், இரண்டுக்கும் நடுவேயுள்ள அந்தச் சிறு இடைவெளியையும் பாருங்கள். அதை யாரோ ஒருவர் கணக்கிட்டு விட்டிருக்கிறார் என்பது அப்பொழுது உங்களுக்குத் தெரியும்.